சாரம் யார் கணக்கில்?

கட்டுமான டெண்டர் ஆவணங்களைப் புரட்டியவர்களுக்கு ஒரு நிபந்தனை பழக்கமாகியிருக்கும். தொழிலாளர் பாதுகாப்புக்கான ஏற்பாடுகள் அனைத்தையும் ஒப்பந்ததாரர் தம் சொந்தச் செலவில் செய்துகொள்ள வேண்டும், அதற்கெனத் தனியாகப் பணம் கிடையாது என்று அது சொல்லும். சிமென்ட் எத்தனை மூட்டை, கம்பி எத்தனை டன், மண் வெட்டக் கன மீட்டருக்கு எவ்வளவு என்று பைசா சுத்தமாக அட்டவணை போடும் அதே ஆவணம், ஆள் விழாமல் இருப்பதற்கான செலவை மட்டும் ஒரே வாக்கியத்தில் அடுத்தவர் தலையில் கட்டிவிடுகிறது. ஒப்பந்ததாரர்கள் சட்டத்துக்கு உட்பட்டு நடக்கிறார்களா, ஆய்வாளர் வந்தால் காட்டுவதற்குத் தயாராக இருக்கிறார்களா என்ற கேள்வியைப் பலரும் கட்டுமானத் தளத்தில் தொடங்குகிறார்கள். நான் இந்த நிபந்தனையிலிருந்து தொடங்க விரும்புகிறேன். பாதுகாப்பு தளத்தில் தொலைவதற்கு முன்பே டெண்டரில் தொலைந்துவிடுகிறது.

இரண்டு ஒப்பந்ததாரர்கள் ஒரே வேலைக்கு விலை கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் சுற்று வலை, கைப்பிடிக் கம்பிகள், சேஃப்டி ஆபீசர் சம்பளம், தொழிலாளர் தங்குமிடம், கழிப்பறை எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்கிறார். இன்னொருவர் சேர்க்கவில்லை. குறைந்த விலைக்கே வேலை என்பதால் இரண்டாமவர் ஜெயிக்கிறார். அடுத்த டெண்டரில் முதலாமவரும் பாடம் கற்றிருப்பார்.

வேலை கிடைத்த பின் அது துண்டு துண்டாகக் கீழே இறங்கும். கம்பி கட்டுவது டன் கணக்கில் ஒருவருக்கு, சென்ட்ரிங் சதுர அடிக் கணக்கில் இன்னொருவருக்கு, பூச்சு வேலை வேறொருவருக்கு. அவர்களிடமிருந்து லேபர் காண்ட்ராக்டர், அவரிடமிருந்து மேஸ்திரி, மேஸ்திரியிடமிருந்து கொத்தனாரும் பெரியாளும் சித்தாளும். ஒவ்வொரு படியிலும் ஒருவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே தள்ளுவார். அடிமட்டத்துக்கு வரும்போது மிஞ்சுவது கூலிக்கே சரியாக இருக்கும். சாரம் கட்டும் கம்பும் பலகையும் கயிறும் மேஸ்திரியின் பொறுப்பாகிவிடும். அவரிடம் இருக்கிற பலகைதான் சாரத்தில் ஏறும்; இரண்டு பலகை குறைந்தால் அந்த இடைவெளியைச் சித்தாள் தாண்டிக்கொண்டு போவாள், தலையில் கலவைச் சட்டியோடு.

முட்டுக் கொடுக்கும் ஜாக்கிகளின் கதை இதைவிடத் தெளிவானது. கான்கிரீட் போட்ட பிறகு எத்தனை நாள் கழித்து முட்டை எடுக்கலாம் என்பதை இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456 சொல்கிறது. சாதாரண சிமென்டில் போட்ட தளத்தின் தாங்கிடைத் தூரம் (ஸ்பான்) 4.5 மீட்டருக்குள் என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள். உத்திரங்களுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கும் மேல் 21 நாள். பொறியாளர்கள் எல்லோருக்கும் இது மனப்பாடம். ஆனால் ஜாக்கியும் ஷீட்டும் நாள் வாடகைக்கு வருகிறவை. வாடகையைக் கட்டுகிற சென்ட்ரிங் காண்ட்ராக்டருக்கு ஒவ்வொரு நாளும் கைப்பணம் கரைகிறது. அடுத்த தளத்துக்கும் அதே ஜாக்கிதான் வேண்டும். அவர் நல்லவரா கெட்டவரா என்று பார்ப்பதற்கு முன், காத்திருக்கும் நாள்களுக்கு யார் பணம் தருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சட்டம் இந்த ஒப்பந்தப் படிக்கட்டைக் காணாமல் இல்லை. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்திலேயே 12-ஆம் பிரிவு இருந்தது. ஒப்பந்ததாரரின் ஆள் அடிபட்டாலும் முதன்மை வேலையளிப்பவரே இழப்பீடு தர வேண்டும் என்றது அது. பிறகு அவர் ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். 1970-இன் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் கூலி விஷயத்தில் இதே வழியில் போனது. கட்டுமானத்துக்கென்றே தனிச் சட்டம் வர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தச் சட்டத்துக்கான இயக்கத்தில் தமிழ்நாட்டுக் கட்டடத் தொழிலாளர் சங்கங்களின் உழைப்பு உண்டு, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த இயக்கத்துக்குத் தலைமை தாங்கினார். தமிழ்நாடு அதற்கு முன்பே, 1982-இன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தை அமைத்திருந்தது. சங்கத்துக் கூட்டங்களில் கோரிக்கை அட்டை பிடித்து நின்ற சித்தாள்களும் கொத்தனார்களும் வாங்கித் தந்த சட்டம் அது. அதை வெறும் படிவங்களின் கட்டாகப் பார்க்கிற ஒப்பந்ததாரர்கள் இதை அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

1996 சட்டம் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தளங்களுக்குப் பொருந்தியது. வேலை தொடங்க 30 நாளுக்கு முன்பே ஆய்வாளருக்கு அறிவிப்பு தர வேண்டும் என்றது 46-ஆம் பிரிவு. 44-ஆம் பிரிவு, போதிய மேற்பார்வையும் விபத்துத் தடுப்பும் வேலையளிப்பவரின் பொறுப்பு என்றது. குடிநீர், கழிப்பறை, தங்குமிடம், முதலுதவி, 50-க்கு மேல் பெண்கள் இருந்தால் குழந்தைகளுக்கு அறை, 250-க்குக் குறையாமல் தொழிலாளர் இருந்தால் உணவகம் என்று வரிசையாக இருந்தன. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நலவரி. எழுத்தில் நல்ல சட்டம். தண்டனைக்கு வரும்போதுதான் கை தளர்ந்தது. பாதுகாப்பு விதியை மீறினால் 3 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீறல் தொடர்ந்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய். 2,000 ரூபாய் இன்றைக்கு ஏறக்குறைய ஒரு கொத்தனாரின் இரண்டு நாள் கூலி. வலை வாங்குவதைவிட அபராதம் கட்டுவது மலிவு என்று கணக்குப் போட எவருக்கும் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இந்தக் கணக்கை மாற்றப் பார்க்கின்றன. தொழிலகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, கடமை தவறியதால் உயிர் போனால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை இறந்தவரின் வாரிசுக்குத் தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். கட்டுமானத்தில் சேஃப்டி ஆபீசர் கட்டாயமாகும் எல்லை 500 தொழிலாளரிலிருந்து 250-க்கு இறங்கியிருக்கிறது. இவை முன்னேற்றம். அதே தொகுப்பு, ஒப்பந்தத் தொழிலாளர் உரிம விதிகள் பொருந்தும் எல்லையை 20 பேரிலிருந்து 50-ஆக உயர்த்தியும் இருக்கிறது. முப்பது நாற்பது பேரை வைத்துக்கொண்டு தளத்துக்குத் தளம் போகிற சப்-காண்ட்ராக்டர்தான் இந்தத் தொழிலின் நாடி. அவர் உரிமக் கண்ணிலிருந்து நழுவுவதை என்னால் முன்னேற்றம் என்று சொல்ல முடியவில்லை.

ஆய்வுக்கு வருவோம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 81-ஆவது உடன்படிக்கையை இந்தியா 1949-லேயே ஏற்றது. முன்னறிவிப்பு இல்லாமல், பகலிலோ இரவிலோ, எந்த நேரத்திலும் தளத்துக்குள் நுழைய ஆய்வாளருக்கு உரிமை உண்டு என்கிறது அது. புகார் சொன்ன தொழிலாளி யார் என்பதை ஆய்வாளர் எங்கும் வெளியிடக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது விதி முதலாவதைவிட முக்கியம் என்பேன். விரிசலை முதலில் காண்பவர் எப்போதும் அங்கே வேலை செய்கிறவர்தான். தமிழ்நாட்டில் கட்டுமானத் தளங்களின் பாதுகாப்பைப் பார்ப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். தொழிற்சாலைகளும் அவர்கள் தலையில்தான். எந்தத் தளத்துக்குப் போவது என்பதைக் கணினி குலுக்கிப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை 2014-லிருந்து மத்திய அரசின் பக்கம் பரவியது. புதிய தொகுப்பு ஆய்வாளரை வழிகாட்டுநராகவும் பெயர் மாற்றியிருக்கிறது. கைநீட்டும் ஆய்வாளரிடமிருந்து ஒப்பந்ததாரரைக் காக்க இது உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆழமான பள்ளம் எங்கே வெட்டியிருக்கிறது, எந்தத் தளத்தில் மழையிலும் கான்கிரீட் போடுகிறார்கள் என்பது குலுக்கலுக்குத் தெரியாது. புகார் வந்த இடத்துக்கு அன்றே போகும் வழி திறந்திருந்தால்தான் குலுக்கலுக்குப் பொருள் உண்டு.

ஒப்பந்ததாரர் பக்கத்தில் ‘ஆய்வுக்குத் தயார்’ என்றால் பெரும்பாலும் ஃபைல் தயார் என்றுதான் பொருள். பதிவுச் சான்று, வேலை தொடங்கும் அறிவிப்பு, வருகைப் பதிவேடு, கூலிப் பதிவேடு, தூக்கு எந்திரங்களின் சோதனைச் சான்று, மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு, வேலைக்கு முன் பாதுகாப்பைப் பேசும் டூல்பாக்ஸ் கூட்டத்தின் பதிவேடு எல்லாம் அடுக்கி வைத்திருப்பார்கள். ஃபைலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். விபத்து நடந்த பிறகு குடும்பத்துக்கு இழப்பீடு கிடைப்பதற்கு, செத்தவர் இங்கேதான் வேலை செய்தார் என்று நிரூபிக்க அந்த வருகைப் பதிவேட்டின் ஒரு வரி போதும். அது இல்லாமல் பிணத்தோடு ஊர் திரும்பியவர்கள் உண்டு. கேள்வி, அந்தத் தாள் தளத்தோடு பேசுகிறதா என்பதே.

அனுபவமுள்ள ஆய்வாளர் இதைச் சில நிமிடங்களில் கண்டுபிடிப்பார். வருகைப் பதிவேட்டில் நாற்பது பேர், மாடியில் தலை எண்ணினால் அறுபது. கிரேன் சான்றிதழில் ஒரு எண், கிரேனின் உடலில் பொறித்த எண் வேறு. டூல்பாக்ஸ் கூட்டத்துக்கு வந்ததாக இருபது கையெழுத்து, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. சாரத்தில் தொங்கும் அட்டையில் மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி, இடையில் இரண்டு மழை பெய்துவிட்டது. மழைக்கோ பெருங்காற்றுக்கோ பிறகும், மாற்றிக் கட்டிய பிறகும் சாரத்தைத் திரும்பச் சோதிக்காமல் ஆளை ஏற்றக் கூடாது என்பது விதி. அந்த அட்டை அதற்காகத்தான் தொங்குகிறது. பெல்ட் எல்லோர் இடுப்பிலும் இருக்கும்; ஹூக்கை மாட்ட ஒரு கயிறோ கம்பியோ மேலே கட்டியிருக்காது. பெல்ட் வாங்குவது ஒருமுறைச் செலவு, லைஃப்லைன் கட்டுவது ஒவ்வொரு தளத்துக்கும் ஆள் கூலி. எங்கே பணம் குறைந்தது என்பதை இந்த ஹூக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆகவே ஒப்பந்ததாரர் ஒருவர் உண்மையிலேயே தயாராக இருக்க விரும்பினால், ஆய்வாளர் நடக்கும் அதே வழியில் தாமே தினமும் காலையில் நடக்கலாம். லிஃப்ட் குழிக்குக் கதவோ தடுப்போ இருக்கிறதா, தளத்தின் ஓரத்தில் கைப்பிடி இருக்கிறதா, துருத்தி நிற்கும் கம்பி முனைகளுக்கு மூடி இருக்கிறதா, தண்ணீரில் கிடக்கும் ஒயருக்கு எர்த் லீக்கேஜ் பிரேக்கர் உண்டா, பள்ளத்தின் விளிம்பிலேயே மண்ணைக் குவித்திருக்கிறார்களா, பள்ளத்திலிருந்து ஏறி ஓட ஏணி பக்கத்தில் இருக்கிறதா. கால் மணி நேரம். கண்ட குறையையும் அதைச் சரிசெய்த நேரத்தையும் யார் செய்தார் என்பதையும் அன்றைய தேதியில் எழுதி வைத்தால் அதைவிட நல்ல ஃபைல் கிடையாது. குறையே இல்லாத பதிவேட்டை எந்த ஆய்வாளரும் நம்ப மாட்டார்.

தாள் எல்லாம் சரியாக இருந்தும் கட்டடம் விழும் என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை, மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் தறுவாயிலிருந்த 11 மாடிக் கட்டடம் மழையின்போது நின்ற இடத்திலேயே அமிழ்ந்தது. 61 பேர் இறந்தார்கள், 27 பேரை உயிரோடு மீட்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, அங்கேயே தங்கி வேலை செய்தவர்கள் பலர். மின்னல் தாக்கியதால் விழுந்தது என்றுகூட முதலில் சொல்லப்பட்டது. திட்ட அனுமதி இருந்தது. ஆனால் கட்டடத்தின் உறுதியைச் சரிபார்ப்பது அனுமதி தந்த அமைப்பின் வேலையாக அன்றைக்கு இல்லை. அது விண்ணப்பதாரரும் அவருடைய பொறியாளரும் தரும் உறுதிமொழியோடு நின்றது. நீதிபதி ரெகுபதி ஆணையம் விசாரித்தது. பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். பின்னர் வந்த 2019-இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகள், கட்டமைப்புப் பொறியாளர், மண் பரிசோதனைப் பொறியாளர், தளப் பொறியாளர் எல்லோரையும் பதிவு செய்து பெயரோடு பொறுப்பாக்கின. கையெழுத்துக்குப் பின்னால் ஒரு முகம் வேண்டும் என்று நமக்குப் புரிய 61 உயிர்கள் போயின.

புரிந்தது எவ்வளவு தூரம் தங்கியது? 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாமிலிருந்து வந்தவர்கள். அது தெருமுனையில் எழும் தனியார் கட்டடம் இல்லை, பொதுத்துறையின் பெருந்திட்டம்.

அசாம், ஒடிசா, பிகார் என்று சொல்லும்போது மொழியும் கூடவே வருகிறது. தமிழ்நாட்டுத் தளங்களில் இன்று மேஸ்திரி தமிழில் கத்துகிறார், சேஃப்டி ஆபீசர் அரைகுறை இந்தியில் சொல்கிறார், கேட்பவருக்குத் தாய்மொழி ஒடியாவாகவோ கார்பியாகவோ இருக்கலாம். ‘ஓரமாகப் போ’ என்பதற்கும் ‘ஓரத்துக்குப் போகாதே’ என்பதற்கும் இடையில் ஓர் உயிர் இருக்கிறது. எச்சரிக்கைப் பலகையைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் எழுதி வைப்பதைப் பயிற்சியாகக் கணக்குக் காட்டக் கூடாது. ஒவ்வொரு குழுவிலும் அவர்கள் மொழி பேசும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தையும் அவருக்கே கொடுத்தால், அன்றைக்கே பலன் தெரியும்.

இதை நம் ஊர்க்காரர்கள் மறுபக்கத்திலிருந்து அறிவார்கள். புதுக்கோட்டை, தஞ்சாவூர், சிவகங்கைப் பக்கமிருந்து சிங்கப்பூர் போய்க் கட்டுமானத்தில் நிற்பவர்களுக்கு அங்கே பாதுகாப்புப் பயிற்சி தமிழிலேயே கிடைக்கிறது. அதை முடிக்காமல் தளத்தில் கால் வைக்க முடியாது. அந்த நாடும் அடிபட்டுத்தான் கற்றது. 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் சுரங்க ரயில் பணியின்போது நிலம் சரிந்து 4 பேர் இறந்தார்கள். 2006-இல் புதிய பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2004-இல் லட்சம் தொழிலாளருக்கு 4.9 ஆக இருந்த வேலையிட மரண விகிதம் 2023-இல் 0.99-க்கு இறங்கியது. அங்கே விதி மீறும் ஒப்பந்ததாரருக்குக் குறைப் புள்ளிகள் சேரும். 18 மாதத்தில் 25 புள்ளி சேர்ந்தால் வெளிநாட்டுத் தொழிலாளரை எடுக்க முடியாது. வெளிநாட்டு ஆள் இல்லாமல் அங்கே ஒரு செங்கல்லும் ஏறாது என்பதால் இந்தத் தண்டனை எலும்புவரை உறைக்கிறது. 2024 ஏப்ரல் முதல் அரசுத் துறைக் கட்டுமான டெண்டர்களை மதிப்பிடும்போது பாதுகாப்புக்குக் குறைந்தது 5 விழுக்காடு மதிப்பெண் தர வேண்டும் என்றும் விதித்தார்கள். பாதுகாப்பை டெண்டருக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள்.

பிரிட்டன் இதே இடத்துக்கு வேறு வழியாக வந்தது. 1995-இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய கட்டுமான விதிகள், பணம் கொடுத்துக் கட்டச் சொல்பவரையும் வரைபடம் போடுபவரையும் பாதுகாப்புப் பொறுப்பில் சேர்த்தன. போதிய நேரமும் வளமும் ஒதுக்குவது உரிமையாளரின் கடமை. 2012 லண்டன் ஒலிம்பிக் அரங்குகள் ஒரு வேலையிட மரணம்கூட இல்லாமல் கட்டி முடிக்கப்பட்டதை அந்த முறைக்குக் கிடைத்த பலனாகவே நான் பார்க்கிறேன்.

டெண்டரில் எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நம் நாட்டு மெட்ரோ ரயில் திட்டங்கள் பாதுகாப்புக்கெனத் தனி ஒப்பந்த நிபந்தனைகளோடுதான் நடக்கின்றன. ஆனாலும் 2025 ஜூன் 12 இரவு மணப்பாக்கம் அருகே சென்னை மெட்ரோவின் உத்திரங்கள் சரிந்து, இருசக்கர வாகனத்தில் போய்க்கொண்டிருந்த ஒருவர் இறந்தார். மெட்ரோ நிறுவனம் ஒப்பந்ததாரருக்கு 1 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே காலத்தில் சட்டத்தின் அபராதம் 2,000 ரூபாயாகத்தான் இருந்தது. இந்த இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். வேலை கொடுப்பவர் நினைத்தால் சட்டத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு அழுத்தம் கொடுக்க முடியும். அந்த அழுத்தத்தை உயிர் போன பிறகு அபராதமாகக் காட்டுவதற்குப் பதில், வேலை தொடங்கும்போதே செலவுத் தலைப்பாகக் காட்டலாம். வலை இத்தனை சதுர மீட்டர், கைப்பிடி இத்தனை மீட்டர், சேஃப்டி ஆபீசர் இத்தனை மாதம் என்று அளந்து, போட்டி விலைக்கு வெளியே நிலையான தொகையாக வைத்து, கட்டியதை அளந்து பார்த்த பிறகு பில் போட வேண்டும். அளக்கப்படும் வேலையைத்தான் ஒப்பந்ததாரர் செய்கிறார். இது அவர்மேல் குற்றச்சாட்டு இல்லை, தொழிலின் இயல்பு.

இவ்வளவும் பெரிய தளங்களின் கதை. ஆண்டுக்கணக்காக 10 பேருக்குக் குறைவான தளங்களும், 10 லட்சத்துக்குள் கட்டும் சொந்த வீடுகளும் 1996 சட்டத்துக்கு வெளியிலேயே இருந்தன. அங்கே ஆய்வாளர் வர மாட்டார், சேஃப்டி ஆபீசர் கிடையாது. அங்கே டெண்டர் என்பது மேஸ்திரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் போட்டுக் காட்டும் கணக்கு. கடைக்காலுக்கு இவ்வளவு, சுவருக்கு இவ்வளவு, தளத்துக்கு இவ்வளவு, பூச்சுக்கு இவ்வளவு. சாரத்துக்கென்று ஒரு வரி அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. வீடு கட்டுபவர் அந்தத் தாளை வாங்கி, ‘சாரத்துக்கும் முட்டுக்கும் தனியா எவ்வளவு ஆகும், மேஸ்திரி? எழுதுங்க, நான் தர்றேன். பலகை புதுசா இருக்கணும், முட்டு பதினாலு நாள் நிக்கணும்’ என்று கேட்டு அந்த வரியை எழுத வைக்கலாம்.